ஒயில் கடைசி வேலை: கடற்காற்றில் கிடக்கும் சைக்கிள் செயினுக்கு ஒரு குளியல்

வணக்கம். இன்றைக்குக் கொஞ்சம் அழுக்கான வேலை. கமெராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன், இந்தச் செயினைப் பாருங்கள். ஒரு விரலால்தான் தொட்டேன், உள்ளங்கை வரைக்கும் கரி ஏறிவிட்டது.

சைக்கிள் என் மைத்துனருடையது. 2022 இல் இலங்கையில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாமல் வாங்கினார். பெட்ரோல் வந்த பிறகும் விடவில்லை, அந்த மட்டில் பாராட்ட வேண்டும். ஆனால் செயின் சத்தம் போட்டால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஒயில் விடுவது. மறுபடி சத்தம் வந்தால் மறுபடி ஒயில். இந்தக் காணொளியை அவரும் பார்ப்பார். பார்க்கட்டும்.

ஒயில் எங்கே இருக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சின்ன உருளை இருக்கிறது, அதன் நடுவே ஒரு பின் ஓடுகிறது. பெடல் மிதிக்கும்போது உராய்வது இந்த உள்பக்கம். ஒயில் அங்கே இருந்தால் போதும். வெளித் தகடுகளில் பளபளவென்று நிற்கும் ஒயிலால் சைக்கிளுக்கு ஒரு பயனும் இல்லை. வீதித் தூசியையும் மணலையும் பிடித்து ஒட்டவைப்பதுதான் அது செய்கிற வேலை. ஒயிலும் மணலும் சேர்ந்தால் இரும்பைத் தேய்க்கும் பசை. அதை நாமே செயினில் பூசிவிட்டு, சைக்கிள் சரியில்லை என்கிறோம். உருளைச் செயினை ஹான்ஸ் ரெனோல்ட் கண்டுபிடித்தது 1880 இல். அடிப்படை அமைப்பு இன்றைக்கும் அதுதான். ஆகவே உங்கள் வீட்டில் நிற்பது தாத்தாவின் பழைய சைக்கிளோ, இருபத்தொரு கியர் சைக்கிளோ, கதை ஒன்றுதான்.

கொழும்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. மைத்துனர் வீடு வெள்ளவத்தையில், மெரின் டிரைவுக்குப் பக்கத்தில். வீதியைக் கடந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். மே தொடங்கி செப்டெம்பர் வரை காற்று நேரே கடலிலிருந்து வீட்டுக்குள் வருகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழையே படாமல் பால்கனியில் நின்ற சைக்கிளின் செயினும் துருப்பிடிக்கும். "நான் மழையில் ஓடுவதே இல்லையே" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

கழுவுவதற்கு முன் ஓர் அடிமட்டம் எடுங்கள். ஒரு பின்னின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம், ஆகவே அந்தப் பின்னை விட்டு எண்ணினால் இருபத்துநான்காவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால், கியர் சைக்கிளுக்குப் புதுச் செயின் வாங்கும் நேரம். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் செயின் ஓடும் பற்சில்லுகளும் கூடவே தேய்ந்திருக்கும், செலவு பெரிது. இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. பின்கள் தேய்வதால்தான் செயின் நீளமாகிறது. இந்தச் செயின் இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறது. அதிர்ஷ்டக்காரர்.

தேவையான சாமான் அதிகம் இல்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ் ஒன்று, பாத்திரம் கழுவும் திரவம், ஒரு பழைய சாரம் (லுங்கி). சாரத்தை நீளமாகக் கிழித்துக்கொள்ளுங்கள், இதைவிட நல்ல துணி கடையில் கிடைக்காது. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மூடிய வீட்டுக்குள் அதன் ஆவி ஆபத்து. மண்ணெண்ணெயையும் அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

டிஸ்க் பிறேக் இருந்தால் அந்தத் தட்டைப் பொலித்தீன் பையால் மூடுங்கள். அதில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் பிறேக் பிடிக்காது.

நான் செயினைக் கழற்றப் போவதில்லை, இந்த அளவு அழுக்குக்குத் தேவையில்லை. கழற்றுகிறவர்களுக்கு ஒன்று மட்டும். ஒற்றைப் பற்சில்லுச் சைக்கிளில் செயினைப் பூட்டும் பிளந்த கிளிப் இருந்தால், திரும்பப் போடும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் ஓடும்போது கழன்றுவிடும்.

முதலில் காய்ந்த துணியால் துடைப்பு. கீழ்ப்பக்கச் செயினைத் துணியால் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுகிறேன். கை நடுவிலேயே நிற்க வேண்டும். பின்னோக்கிச் சுற்றும்போது கீழ்ச் செயின் முன் பற்சில்லை நோக்கி ஓடும், துணியின் நுனி தொங்கினால் விரலோடு சேர்த்து இழுத்துவிடும். பிறகு பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து நான்கு பக்கமும் தேய்க்கிறேன். அவசரப்பட வேண்டாம். பின்சக்கரத்தின் அச்சுப் பக்கம் மண்ணெண்ணெய் வழியாமல் பாருங்கள், உள்ளே பெயாரிங்குக்கு வைத்த கிறீஸ் கரைந்துவிடும்.

இதோ, எல்லாரும் மறக்கும் இடம். கியர் மாற்றியில் இரண்டு சின்னப் பற்சில்லுகள் இருக்கின்றன, பாருங்கள். பல்லே தெரியவில்லை! ஒரு குச்சியால் சுரண்டுகிறேன். கறுப்புக் களிம்பு சுருள் சுருளாக வருகிறது. இதை விட்டுவிட்டுச் செயினை மட்டும் கழுவினால், முதல் சுற்றிலேயே அழுக்கு திரும்ப ஏறிவிடும். பின்பக்கப் பற்சில்லு அடுக்குக்குச் சாரத் துண்டு. இரண்டு பற்சில்லுகளுக்கு நடுவே நுழைத்து, இரு நுனியையும் பிடித்து, முதுகு தேய்ப்பதுபோல் இங்கும் அங்கும் இழுங்கள்.

அடுத்து பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர், பின் நல்ல தண்ணீர். இதைத் தவறவிட்டால் மிச்சமிருக்கும் மண்ணெண்ணெய் புது ஒயிலைக் கரைத்துவிடும். குழாயைப் பீச்சியடிக்க வேண்டாம், குவளையால் ஊற்றினால் போதும். துடைத்துவிட்டு வெயிலில் வைக்கிறேன். உருளைக்குள் ஈரம் இருக்கையில் ஒயில் விடுவது வீண்.

காய்ந்துவிட்டது. இப்போது ஒயில். கராஜில் வடித்த பழைய எஞ்சின் ஒயில் இலவசமாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். அதில் தேய்ந்த இரும்புத் துகள் கலந்திருக்கும். நல்லெண்ணெய் சில வாரத்தில் பிசினாகிவிடும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்காக வந்த சாமான். அந்தச் சாதாரண நீல டப்பாவைச் செயின் ஒயிலாக நம்ப முடியாது. தையல் இயந்திர ஒயில் அவசரத்துக்கு உதவும், ஒரு மழைக்கு நிற்காது. சைக்கிள் செயினுக்கென்று விற்கும் ஒயிலில், மழைக்கால வகையை இந்த ஊருக்கு நான் தேர்வு செய்வேன். சற்றுத் தடிப்பானது, அழுக்கும் பிடிக்கும், ஆனால் உப்புக் காற்றைத் தாங்கும்.

உருளைக்கு ஒரு துளி. கீழ்ச் செயினின் உள்பக்கத்தில், ஒவ்வொன்றாக. ஒரு முழுச் சுற்று முடிந்ததும் போத்தலை மூடிவிடுங்கள். பெடலைக் கொஞ்ச நேரம் சுற்றி, ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், ஒயில் உள்ளே இறங்கட்டும்.

இனி மைத்துனருக்கு மனம் வராத வேலை: விட்ட ஒயிலைத் துடைப்பது. காய்ந்த துணியால், வெளித் தகட்டைத் தொட்டால் விரலில் மெல்லிய பூச்சு மட்டும் படும் வரை துடைக்கிறேன். மழையில் நனைந்து வந்தால் அன்றைக்கே துடைத்து, காய்ந்ததும் மறுபடி ஒயில். மற்றபடி வாரத்துக்கு ஒரு துடைப்பு, சத்தம் வந்தால் மட்டும் ஒயில்.

அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கால்வாய் வழியே அது கடலுக்குத்தான் போகும். போத்தலில் மூடி வைத்தால் கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுக்கலாம். போத்தலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கைக்கரிக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் சீனியும் தேய்த்து, பிறகு சோப்பு. நானும் அதற்குத்தான் போகிறேன், இந்தக் கையோடு கமெராவைத் தொட முடியாது. நிறுத்துவதற்கு மருமகளைக் கூப்பிட்டிருக்கிறேன்.