ஏரிக்கரையில் கூடாரம் போட ஸ்டேட் பார்க்தான்!

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணி நண்பர்களுக்கும், சங்கத்துச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு இன்னும் வீட்டுக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும் மிச்சிகன் தமிழ் மக்களுக்கும் வணக்கம். கோடையில் குடும்பத்தோடு ஏரிக்கரையில் கேம்ப் போட நல்ல இடம் மாநில அரசு நடத்தும் ஸ்டேட் பார்க்கா, தனியார் நடத்தும் கேம்ப்கிரவுண்டா என்பது தலைப்பு. நான் ஸ்டேட் பார்க் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் நீச்சல் குளம் என்றார், வைஃபை என்றார், பிள்ளைகள் குதித்து விளையாட காற்றடைத்த மெத்தை என்றார், ஏசி போட்ட கேபின் என்றார், ஐஸ்கிரீம் கடை என்றார். எல்லாம் சரி ஐயா. நடுவில் ஒரு தடவையாவது ஏரி வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன், கடைசி வரை வரவே இல்லை. ஏரிக்குப் போகிறவனுக்கு எதற்கு நீச்சல் குளம்?

சரி, நல்ல ஏரிக்கரை யார் கையில் இருக்கிறது, எப்படி அங்கே வந்தது என்று பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மாநிலத்தின் வெள்ளைப் பைன் காடுகளை மரக் கம்பெனிகள் மொட்டையடித்துவிட்டன. ஏதோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிஞ்சியது. 1917இல் மாநிலச் சட்டமன்றம் 60,000 டாலர் கொடுத்து, டக் லேக், கிரீன் லேக் என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே கோடாரி படாமல் தப்பித்த பைன் தோப்பு ஒன்றை வாங்கியது. அதுதான் இன்டர்லாக்கன் ஸ்டேட் பார்க். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்றைக்கும் நீங்களும் நானும் போய் அந்த மரத்தடியில் கூடாரம் அடிக்கலாம். மின்சாரம், வெந்நீர் ஷவர் எல்லாம் வேண்டும் என்றால் டக் லேக் பக்கம் போங்கள். அதெல்லாம் வேண்டாம், அமைதி போதும் என்றால் கிரீன் லேக் பக்கம். அங்கே பிளக் பாயிண்ட் கிடையாது, ஃபிளஷ் கிடையாது, ரஸ்டிக் என்பார்கள்.

இப்போது தனியார் முதலாளியின் நிலைமையை யோசியுங்கள். அவரை நான் குறை சொல்லவில்லை, பாவம், அவர் நிலத்துக்கு வரி கட்ட வேண்டும், வங்கிக்குத் தவணை கட்ட வேண்டும், மே மாதம் தொடங்கி அக்டோபருக்குள் மொத்த வருடத்துக்கும் சம்பாதித்தாக வேண்டும். அவர் கண்ணில் ஓர் ஏக்கர் என்றால் அதில் எத்தனை சைட், அதாவது கூடாரம் அடிக்கும் இடம், போடலாம் என்பதுதான் படும். காட்டை அப்படியே விட்டுவைத்தால் அது அவருக்கு நஷ்டம். அதனால்தான் பல இடங்களில் உங்கள் கூடாரக் கயிறு பக்கத்துச் சைட் சாப்பாட்டு மேஜைக் காலில் போய் இடிக்கிறது, இந்தப் பக்கம் வீடு மாதிரி பெரிய வண்டி, ஒரு ஆர்வி, அந்தப் பக்கம் ஒரு ஆர்வி, நடுவில் உங்கள் நாலு பேர் கூடாரம். ஸ்டேட் பார்க்குக்கு அந்தக் கணக்கு கிடையாது. லடிங்டன் ஸ்டேட் பார்க் ஏறக்குறைய 5,300 ஏக்கர், அதில் கேம்ப் போடும் இடம் ஓரத்தில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் மணல்மேடும் காடும் தண்ணீரும்.

எதிரணியில் ஒரு சகோதரி கே.ஓ.ஏ. என்ற தனியார் கேம்ப்கிரவுண்ட் நிறுவனத்தைப் புகழ்ந்தார். நல்ல அமைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது எப்படிப் பிறந்தது தெரியுமா? 1962இல் சியாட்டிலில் உலகக் கண்காட்சி நடந்தது. அதைப் பார்க்கக் காரில் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் வழியில் ராத்தங்க இடம் தேடியபோது, மான்டானாவின் பில்லிங்ஸ் ஊரில் யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் ஒருவர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார், அதுதான் ஆரம்பம். அதாவது சகோதரி, அது வழிப்போக்கருக்கான சத்திரம். நயாகராவுக்குப் போகிற வழியில் ஓர் இரவு தூங்கி எழ வேண்டுமா, நானே உங்களுக்கு கே.ஓ.ஏ. புக் பண்ணித் தருகிறேன். இன்றைய தலைப்பு ஏரிக்கரை. அங்கே போய்ச் சேர்ந்து இரண்டு மூன்று நாள் உட்காரப் போகிறோம்.

லடிங்டன் என்றேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல நேரம் கொடுங்கள் நடுவர் அவர்களே, ஏனென்றால் என் வாதம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் லேக் மிச்சிகன், அக்கரை தெரியாத தண்ணீர், அலை அடிக்கும், நம்ம ஊர்ப் பாட்டி பார்த்தால் கடல் என்றே சொல்லிவிடுவார். இன்னொரு பக்கம் ஹாம்லின் லேக். மரக் கம்பெனிக்காரர்கள் கட்டின அணையால் பெருகிய ஏரி அது, 1888இல் அந்த அணை உடைந்து கீழே இருந்த ஹாம்லின் என்ற சின்ன ஊரையே அடித்துக்கொண்டு போயிருக்கிறது. இன்றைக்கு இருக்கிற அணையின் கீழே பிக் சேபிள் ஆறு பிரிந்து பெரிய ஏரிக்கு ஓடுகிறது. பெரிய தூரமெல்லாம் இல்லை. பிள்ளைகள் டியூபைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அணைப் பக்கம் நடந்து போய், ஆற்றில் இறங்கி, மிதந்துகொண்டே கீழே வந்து, ஈரக் காலோடு மறுபடியும் மேலே நடப்பார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்பார்கள். அதற்கு டிக்கெட் இல்லை, கையில் பட்டை கட்டுவதில்லை.

பெரியவர்களுக்கு? கேம்ப்கிரவுண்டிலிருந்து மணல் பாதையில் இரண்டு மைலுக்குக் கொஞ்சம் குறைவாக நடந்தால் பிக் சேபிள் கலங்கரை விளக்கம் வரும். 1867இல் ஏற்றியது, 112 அடி, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக நிற்கும், சீசனில் உள்ளே படியேறலாம். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும். நாம் கிழக்கு நேரத்தின் மேற்கு விளிம்பில் இருப்பதால் வரும் லாபம் இது. கோழியை ஊற வைத்துக் கொண்டுவந்திருப்பீர்கள் அல்லவா, வெளிச்சத்திலேயே சுட்டு முடித்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, அப்புறம் நிதானமாகக் கரைக்குப் போய் சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். சாப்பாட்டு மூட்டையை மட்டும் காருக்குள் பூட்டிவிட்டுப் போங்கள். மிச்சிகன் ரக்கூனுக்கு ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

"அங்கே லைஃப்கார்டு இல்லையே, பிள்ளைகளை எப்படி விடுவது?" என்று எதிரணித் தலைவர் பயமுறுத்தினார். இல்லைதான். மிச்சிகன் ஸ்டேட் பார்க் கரைகளில் லைஃப்கார்டு வைப்பதில்லை. பெரிய ஏரியின் குளிக்கும் கரைகளில் கொடி வைத்திருக்கிறார்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. இரட்டைச் சிவப்பு பறந்தால் தண்ணீரில் காலே வைக்கக்கூடாது. லேக் மிச்சிகன் நீரோட்டம் பெரியவர்களையே இழுத்துப் போகும், அதில் விளையாட்டு வேண்டாம். அலை பெரிதாக இருக்கும் நாளில் பிள்ளைகளை ஹாம்லின் லேக் கரைக்குக் கூட்டிப் போங்கள், தண்ணீரும் அங்கே கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரே பார்க்கில் இரண்டு ஏரி இருப்பதன் வசதி இது. தனியார் இடத்து நீச்சல் குளத்தில் மட்டும் யார் உட்கார்ந்து காவல் காக்கிறார்? பல இடங்களில் "லைஃப்கார்டு இல்லை" என்று அங்கேயும் பலகைதான் தொங்குகிறது.

அடுத்து பேசப்போகிறவர் எதை எடுப்பார் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஹாலண்ட் ஸ்டேட் பார்க்கின் பீச் கேம்ப்கிரவுண்ட். தார்த் தரை, நெருக்கம், மர நிழல் கிடையாது, பார்க்கிங் லாட்டில் படுத்த மாதிரி இருக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டேட் பார்க் என்ற பெயரைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு புக் பண்ணு என்று யார் சொன்னது? மாநிலத்தின் புக்கிங் தளத்தில் வரைபடம் இருக்கிறது, சைட் சைட்டாகப் பார்க்கலாம். கழிப்பறைக்கு அடுத்த சைட் வேண்டாம், ராத்திரி முழுக்க விளக்கும் கதவுச் சத்தமும் இருக்கும். நுழைகிற ரோட்டோரம் வேண்டாம், தூசி. பள்ளமான இடம் வேண்டவே வேண்டாம். மழை வந்தால் பக்கத்துச் சைட் தண்ணீரெல்லாம் உங்கள் கூடாரத்துக்குள் வந்து படுத்துக்கொள்ளும். வளைவின் கடைசியில், முதுகுப் பக்கம் மரங்கள் இருக்கிற சைட்டைப் பாருங்கள். நான்கைந்து குடும்பமாகப் போகிறீர்களா, அடுத்தடுத்த சைட்டுகளாக எடுங்கள். எல்லோரும் ஒரே சைட்டில் அடைந்துகொள்ள விட மாட்டார்கள்.

"கிடைத்தால்தானே?" என்று முன்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். மிச்சிகனில் ஆறு மாதத்துக்கு முன்பே காலை எட்டு மணிக்குப் புக்கிங் திறக்கும். ஜூலைக்கு வேண்டும் என்றால் ஜனவரியில், வெளியே பனியை வாரிக்கொண்டிருக்கும்போது, லாகின் பண்ணிக்கொண்டு உட்கார வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போக இதே எட்டு மணிக்கு ரயில் டிக்கெட் எடுத்த பரம்பரை நாம், நமக்கா வராது? தவறவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. திட்டம் மாறிக் கைவிடுகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள், கடைசி நேரம் வரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஞாயிறு இரவிலிருந்து வியாழன் வரை என்றால் இன்னும் சுலபம். பள்ளி லீவில் பிள்ளைகளுக்கு எந்தக் கிழமையாக இருந்தால் என்ன, அப்பாதான் மேனேஜரிடம் கேட்க வேண்டும்.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிப் போக முடியாது என்று சகோதரி உருக்கமாகப் பேசினார், எனக்கே கண் கலங்கியது. அவர்களை ரஸ்டிக் பக்கம் கூட்டிப் போனால் திட்டத்தான் செய்வார்கள். மாடர்ன் என்று போட்டிருக்கும் கேம்ப்கிரவுண்டில் மின்சாரம், ஃபிளஷ் கழிப்பறை, வெந்நீர் எல்லாம் உண்டு. தரையில் படுக்க முடியாதவர்களுக்குப் பல பார்க்குகளில் சின்ன கேபின் இருக்கிறது. ஒரு குறை மட்டும் தீராது, கழிப்பறையில் சொம்பு இருக்காது. அது தனியாரிடமும் இருக்காது, அதனால் இரண்டு அணிக்கும் சமம். நீங்களே எடுத்துப் போங்கள்.

வைஃபை பற்றி ஒரே வரி. லேக் ஹியூரன் கரையில் போர்ட் கிரெசண்ட், வடக்கே வில்டர்னஸ், இந்த இரண்டு ஸ்டேட் பார்க்கையும் இருண்ட வானத்துக்காகவே சட்டம் போட்டுப் பாதுகாக்கிறார்கள். நிலா இல்லாத இரவில் பால்வீதி வெறும் கண்ணுக்குத் தெரியும், அப்போது வைஃபை பாஸ்வேர்டு என்ன என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். 2010இலிருந்து மிச்சிகனில் வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும்போதே கூடவே ஒரு சின்னத் தொகை கட்டினால், மாநிலத்தின் எந்த ஸ்டேட் பார்க்குக்கும் வருடம் முழுக்க அந்த வண்டியில் போய் வரலாம். கட்டியவர்களுக்கு நம்பர் பிளேட் ஸ்டிக்கரில் 'பி' என்று ஓர் எழுத்து இருக்கும். வரும்போது பார்க்கிங்கில் பார்த்தேன், எதிரணித் தலைவர் வண்டியில் 'பி' இருக்கிறது. நடுவர் அவர்களே, உங்கள் வண்டியிலும் இருக்கிறது. நன்றி, வணக்கம்.