ஒருமுறை பொருத்திப் பார்த்த உதிரிப்பாகம்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சென்ற மாதம் ஒரு தம்பியும் அவருடைய மனைவியும் பினாங்கில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வாங்கி, மூன்று ஆண்டுகளாக லங்காவிக்கும் பங்கோருக்கும் போய்வந்து பழகியவர்கள். வடகிழக்குப் பருவக்காற்று நிலையாக வீசும் ஜனவரி மாதத்தில் லங்காவியிலிருந்து புறப்பட்டு, சுமார் 1,100 கடல்மைல் கடந்து திருகோணமலைக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்தத் தம்பி நான்கு பக்கப் பட்டியல் ஒன்றை என் முன் வைத்து, "மாமா, படகில் ஏற்றப்போகும் உதிரிப்பாகங்கள் இவை, எது விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள்" என்று கேட்டார். படித்து முடித்தபோது, அதில் சேர்க்க வேண்டியதைவிட நீக்க வேண்டியதே அதிகம் என்று எனக்குத் தோன்றியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் படகு இயந்திரங்களைப் பழுதுபார்த்தவன் என்ற முறையில் அன்று அவர்களிடம் சொன்னதையே, கடலில் பயணம் செய்யும் மற்றவர்களுக்கும், படகுத் துறைகளில் வேலை பழகும் நம் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இன்று இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒருவருடைய படகை லங்காவியிலிருந்து பினாங்குக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. சுமார் 60 கடல்மைல் தூரம்தான். மாலையில் புறப்பட்டால் காலையில் வந்து சேர்ந்துவிடலாம். பாயார் தீவைத் தாண்டிச் சிறிது நேரம் ஆனதும் இயந்திரத்தின் வெப்ப எச்சரிக்கை மணி அடித்தது. இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுத்துத் தரும் பம்பைத் திறந்து பார்த்தேன். உள்ளே சுழலும் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரத்தின் இதழ்களில் பாதி உடைந்திருந்தன. அப்போது எனக்குப் பெரிய கவலை எழவில்லை, ஏனென்றால் உதிரிப்பாகப் பெட்டியில் உறை பிரிக்காத இம்பெல்லர்கள் மூன்று இருந்தன. ஆனால் மூன்றில் ஒன்றுகூட அந்தப் பம்பின் தண்டில் ஏறவில்லை. படகின் முந்தைய உரிமையாளர் எப்போதோ பம்பையே மாற்றியிருக்கிறார்; பெட்டியில் இருந்தவையோ பழைய பம்புக்கு உரியவை. காற்றும் வீசாத இரவு. மீன்பிடிப் படகுகளின் விளக்குகளுக்கு நடுவே, நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் இழுபட்டு, விடியலில் எழுந்த மெல்லிய காற்றில் பாய் விரித்து, மறுநாள் பிற்பகலில்தான் பினாங்கைப் பிடித்தோம்.

அன்றிலிருந்து நான் ஒரு வழக்கத்தை விடாமல் கடைப்பிடித்து வருகிறேன். எந்த உதிரிப்பாகத்தை வாங்கினாலும், படகு துறையில் கட்டியிருக்கும்போதே, படகில் இருக்கும் கருவிகளை மட்டும் கொண்டு அதைப் பொருத்தி, இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பாகத்தைக் கழற்றித் துடைத்து உதிரியாக வைத்துக்கொள்வது என்பதே அந்த வழக்கம். புதியதை உறையோடு பத்திரப்படுத்திவிட்டுத் தேய்ந்ததை ஓட்டிக்கொண்டிருப்பதுதான் பலருடைய இயல்பு. அதை மாற்றிச் செய்யும்போது, வாங்கிய பாகம் பொருந்துகிறதா என்பது கரையிலேயே தெரிந்துவிடுகிறது. பெட்டியில் இருக்கும் பழையதோ ஏற்கெனவே அந்த இயந்திரத்தில் ஓடிக் காட்டியது. இவற்றைவிட முக்கியமாக, அதைக் கழற்ற எந்த ஸ்பேனர் வேண்டும், கை எந்த இடுக்கில் நுழையும், கூடவே எந்தக் கேஸ்கெட், அதாவது கசியாமல் இருக்க இடையில் வைக்கும் மெல்லிய தகடு, கிழியும் என்பதெல்லாம் நம் கைக்குப் பழகிவிடுகின்றன. அந்தத் தம்பியின் பட்டியலில் ஐந்து இம்பெல்லர்கள் இருந்தன. பம்பு மூடியின் கேஸ்கெட் ஒன்றுகூட இல்லை. சில பம்புகளில் இம்பெல்லரை வெளியே எடுக்கத் தனி இழுப்பான் தேவைப்படும், அதுவும் இல்லை.

எதை முதலில் ஏற்றுவது என்ற கேள்விக்கு, போகும் கடலைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். மலாக்கா நீரிணையில் காற்று பெரும்பாலும் மெலிந்தே வீசும். பாய்மரப் படகு என்று பெயர் இருந்தாலும் இங்கே பாதித் தூரத்துக்கு மேல் இயந்திரத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர், அதற்குப் போகும் எரிபொருள் ஆகிய இரண்டின் பாதையையும் முதலில் கையால் தொட்டுத் தொட்டுப் பின்தொடரும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டேன். நீரின் பாதையில் வடிகட்டி, பம்பு, குழாய்கள், வெப்பமாற்றி, தெர்மோஸ்டாட், கடைசியில் புகைக்குழாயின் வளைவு என்று வரிசையாக வரும். நம் கடலில் பிளாஸ்டிக் பை மிதக்காத இடம் அரிது. அது நீர் உறிஞ்சும் துளையை மூடிக்கொண்டால் சில நிமிடங்களில் இம்பெல்லர் வறண்டு சுழன்று கிழிந்துவிடும். கிழிந்த இதழ்த் துண்டுகளை எண்ணிப் பார்த்து, குறைவாக இருந்தால் மீதியை வெப்பமாற்றியின் வாயில் தேடி எடுக்காமல் புது இம்பெல்லரைப் போடக் கூடாது. போட்டாலும் நீர் சரியாக ஓடாது. புதிதாகப் பொருத்தும்போது கிளிசரின் அல்லது பாத்திரம் கழுவும் திரவம் தடவுவது நல்லது. சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதச் செய்யும்.

எரிபொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த இயந்திரக் கோளாறுகளில் பெரும்பாலானவை டீசலில் தொடங்கியவை. மலேசியாவில் 2019இல், போக்குவரத்துக்கு விற்கப்படும் டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து கிடைக்கும் பயோடீசலைக் கலக்கும் விதி நடைமுறைக்கு வந்தது. பயோடீசலுக்குச் சாதாரண டீசலைவிட ஈரத்தை உறிஞ்சும் தன்மை அதிகம். தொட்டியின் சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடை இளக்கிவிடும் தன்மையும் உண்டு. லாரியின் தொட்டி சில நாளில் காலியாகி மறுபடி நிறைந்துவிடுவதால் இது பெரிதாகத் தெரிவதில்லை. படகின் தொட்டியிலோ டீசல் மாதக்கணக்கில் தங்குகிறது. அடியில் நீர் சேர்கிறது. நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுத்த கூழாகின்றன. படகு துறையில் அசையாமல் நிற்கும்வரை அந்தக் கூழும் அடியில் அசையாமல் கிடக்கும். இரவில் 'சுமத்ரா' என்று நாம் சொல்லும் சூறைக்காற்று வந்து படகைக் குலுக்கும்போது, அதாவது இயந்திரம் மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது கலங்கி மேலெழுந்து வடிகட்டியை அடைத்துவிடுகிறது. அப்படிக் கலங்கிய நாளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வடிகட்டியை மாற்றியிருக்கிறேன். ஆகையால் தொட்டிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இருக்கும் முதல் வடிகட்டிக்கு, உள்ளே மாற்றிப் போடும் உள்ளீடுகள் குறைந்தது பத்து வேண்டும். அவற்றில் 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளை அளவுள்ளவை அதிகமாகவும், 2 மைக்ரான் அளவுள்ளவை சிலவுமாக இருக்கட்டும். மிக நுண்ணியதை முதலிலேயே போட்டால் அது விரைவில் அடைபடும். இயந்திரத்தின் மேலேயே இருக்கும் இரண்டாவது வடிகட்டிக்கு மூன்று உள்ளீடுகள் போதும்.

வடிகட்டியை மாற்றிய பிறகு குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்காகத் திறக்கும் மரையாணிகளின் அடியில் இருக்கும் சிறு செம்பு வாஷர்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் அடுத்த முறை கசியும். கசிகிற இடத்தில் காற்று மீண்டும் நுழையும். இயந்திரம் சிறிது ஓடி மறுபடி நிற்கும். ஒரு சிறு டப்பா நிறைய வாஷர்கள் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அவை தீர்ந்துபோனால் பழைய செம்பு வாஷரை அடுப்புத் தீயில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் அது மறுபடி இளகி இன்னொரு முறை பயன்படும். இதையும் அந்தத் தம்பியின் மனைவியே கரையில் ஒருமுறை செய்து பார்த்தார். இருவர் மட்டும் போகும் படகில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை என்று ஒன்று இருக்கக் கூடாது.

இனி, பட்டியலிலிருந்து எதை நீக்கினோம் என்பதைச் சொல்கிறேன். அதில் பலவகைப் பேரிங்குகள் இருந்தன. பேரிங்கின் எண் உலகம் முழுவதற்கும் பொது: 6203 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, தடிமன் 12. பட்டர்வொர்த்தில் கிடைக்கும் அதே அளவு திருகோணமலையிலும் கிடைக்கும். கடலின் நடுவே அதைப் பிடுங்கி மாற்ற, அழுத்தித் தள்ளும் பிரஸ் என்ற இயந்திரம் வேண்டும்; அது படகில் இல்லை. ஆகவே பேரிங்குகளை எடுத்துவிட்டு, அவற்றின் எண்களை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டோம். எண்ணெய்ச் சீல்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான். மாறாக, இயந்திரத்தோடு சுழன்று பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பழுதுபார்க்கும் துணுக்குகளுக்குப் பதிலாக முழு ஆல்டர்னேட்டர் ஒன்றையே ஏற்றச் சொன்னேன். அலையில் ஆடும் படகில் நான்கு மரையாணிகளைக் கழற்றி ஒன்றை வைத்து ஒன்றை எடுக்க முடியும். அதனுள் இருக்கும் டயோடு போன்ற சிறு மின்பாகத்தைப் பற்றவைக்க முடியாது. கூடவே அதன் பெல்ட்டுகள் இரண்டு.

மரையாணி வாங்குவதிலும் கவனம் வேண்டும். ஜார்ஜ்டவுன் இரும்புக் கடைகளில் எவர்சில்வர் போல்ட் என்று கேட்டால் கொடுக்கப்படுவது எல்லாம் கண்ணுக்கு ஒன்றுபோலவே மின்னும். போல்ட்டின் தலையைத் திருப்பிப் பாருங்கள்: ஏ2 என்று பொறித்திருந்தால் அது 304 வகை, ஏ4 என்றிருந்தால் 316 வகை. 316 வகையில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் அது உப்புநீரை அதிக காலம் தாங்கும். ஏ2 வகை சில மாதங்களில் தேநீர்க் கறைபோலப் பழுப்பாகி, பிறகு சிறு குழிகள் விழுந்து அரிக்கத் தொடங்கும். காந்தத்தை வைத்துச் சோதித்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. குழாய்களை இறுக்கும் கிளிப்புகளில் பட்டை நல்ல வகையாகவும், திருகு மட்டும் மட்டமான வகையாகவும் இருப்பதுண்டு. அதனால் திருகையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, பெரிய பெட்டியில் நூற்றுக்கணக்கான துண்டுகள் அடுக்கி விற்கப்படும் தொகுப்பை நான் பரிந்துரைப்பதில்லை. படகில் இருக்கும் ஒவ்வொரு மரையாணியின் தலையையும் அளந்து பார்த்தால், உண்மையில் தேவைப்படுவது பத்துப் பன்னிரண்டு அளவுகளே என்பது தெரியும். ஜப்பானிய இயந்திரம் என்றால் 10, 12, 14, 17 மில்லிமீட்டர் அடிக்கடி கையில் வரும். ஐரோப்பியப் பொருளில் 12க்கும் 14க்கும் பதிலாக 13ம் 17ம் வரும். அமெரிக்காவில் கட்டிய படகாக இருந்தால் அங்குல அளவு ஸ்பேனர்களும் தேவை. இந்தத் தம்பியின் படகில் மூன்றும் கலந்திருந்தன. அந்தப் பத்துப் பன்னிரண்டையும் நல்ல தரத்தில், அடிக்கடி கைக்கு வரும் அளவுகளில் இரண்டிரண்டாக வாங்குவது நல்லது, ஏனென்றால் ஆடும் படகில் ஒன்று கண்டிப்பாகக் கடலில் விழும். மின்வேலைக்கு ஒரு மல்டிமீட்டர், கம்பி முனையில் இணைப்பியை நசுக்கி இறுக்கும், ராட்செட் வைத்த கிரிம்பிங் குறடு, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, அளவுவாரியாக ஃபியூஸ்கள் ஆகியவை இருந்தால் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம்.

பாய்மரம் முறிந்து படகின் பக்கவாட்டில் மோதும் நிலை வந்தால், அதைத் தாங்கும் கம்பிகளை உடனே அறுத்துவிட வேண்டும். அதற்கென்று வாங்கிய வெட்டுக் கருவியால் அதே தடிமனுள்ள பழைய கம்பித் துண்டு ஒன்றைக் கரையில் வெட்டிப் பார்த்துவிடுங்கள். வெட்டாத கருவிகளும் விற்கப்படுகின்றன. படகின் அடியில் துளையிட்டுப் பொருத்திய ஒவ்வொரு வால்வின் அருகிலும், அது உடைந்தால் துளையை அடைக்க, அந்த வாய்க்குப் பொருந்தும் மென்மரக் கூம்பு ஆப்பு ஒன்று கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும். மிதக்கும் மீன்வலை புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்வது நம் நீரிணையில் அடிக்கடி நடப்பதால், முழுகிப் பார்க்கக் கண்ணாடியும், ரம்பப் பல் வைத்த ரொட்டிக் கத்தியும் வேண்டும். வலையை அறுக்க, விலை உயர்ந்த முழுகுக் கத்தியைவிட ரொட்டிக் கத்தி நன்றாக உதவுகிறது என்பது என் அனுபவம்.

இங்கே எனக்குக் கட்டுமரத்தின் நினைவு வருகிறது. இன்று உலகம் முழுவதும் இரட்டை உடல் படகுகளுக்கு வழங்கும் கேட்டமரான் என்ற பெயர் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிய அந்தக் கலத்துக்கு ஓட்டுபவர் எடுத்துச் செல்ல வேண்டிய உதிரி, கயிறு ஒன்றுதான்; அதைக் கட்டியவரே அதில் போனதால் எந்தக் கட்டு தளர்ந்தாலும் அவரால் மறுபடி கட்ட முடிந்தது. இன்றைய படகில் பொருத்தும் ஒவ்வொரு புதுச் சாதனமும் தனக்கான உதிரிகளையும் கருவிகளையும் கேட்கிறது. மின்சாரத்தில் இயங்கும் கழிவறைப் பம்பை எடுத்துவிட்டுக் கையால் இயக்கும் பம்பை வைத்துக்கொண்டதன் மூலம் அந்தத் தம்பி தம் பட்டியலில் அரைப் பக்கத்தைக் குறைத்தார். அதற்கு வேண்டிய ரப்பர்ப் பாகங்கள் ஒரு சிறு பையில் அடங்கிவிட்டன.

நம் வெப்பத்திலும் ஈரத்திலும் பொருள்கள் பெட்டியிலேயே கெட்டுவிடும். எஃகு ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியால் துடைத்தே வைக்க வேண்டும். ரப்பர்ப் பொருள்களை வெயிலும் இயந்திரச் சூடும் படாத அறையில், வாங்கிய மாதத்தை உறையின் மேல் எழுதி வைக்க வேண்டும். எந்தப் பொருள் எந்த அறையில், எந்த டப்பாவில், எத்தனை இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி, எடுத்த உடனே திருத்த வேண்டும். கைப்பேசியில் மட்டும் எழுதி வைத்தால் மின்சாரம் போன அன்றைக்கு அது உதவாது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய படகுக்குப் போயிருந்தேன். நான்கு பக்கப் பட்டியல் ஒன்றரைப் பக்கமாகியிருந்தது. புதிய நீர்ப்பம்பு இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பம்பு எண்ணெய்த் துணியில் சுற்றி, தனக்குரிய இம்பெல்லர், கேஸ்கெட், இழுப்பானோடு ஒரே டப்பாவில் இருந்தது. டப்பாவின் மூடியில், அதைக் கழற்றத் தேவையான ஸ்பேனரின் அளவைத் தம்பியின் மனைவி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்.

நன்றி, வணக்கம்.