வார்ட்ரோப் கதவு: கைப்பிடி அழுக்கும் கீழ் ஓரமும்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு வார்ட்ரோப் கதவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். லேமினேட் ஒட்டிய கதவு. தினமும் எல்லோர் கையும் பட்டு, நன்றாகப் புழங்கிய கதவு.

கேமராவைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் கொண்டு போகிறேன், பாருங்கள். கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மட்டும் மங்கலாகத் தெரிகிறதா? தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கிறது. இதைப் பார்த்ததும் பலர் லேமினேட் தேய்ந்துபோய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தேய்மானம் இல்லை. தலை எண்ணெய், கிரீம், வியர்வை எல்லாம் விரல் வழியாக வந்து படிந்து, மேலே தூசி ஒட்டி இறுகிய அழுக்கு.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நல்ல லேமினேட் ஷீட் என்பது பல தாள்களின் அடுக்கு. அடியில் இருக்கும் பழுப்புத் தாள்கள் பீனாலிக் பிசினில் ஊறியவை, மேலே இருக்கும் டிசைன் தாள் மெலமின் பிசினில் ஊறியது. அத்தனையையும் சேர்த்து, 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, பெரிய அழுத்தத்தில் ஒரே தகடாக்குகிறார்கள். தடிமன் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்தான். அந்த மெலமின் மேல்பரப்பு எண்ணெயையும் தண்ணீரையும் லேசில் உள்ளே விடாது. அதனால் அழுக்கு மேலேயே நிற்கும், மேலேயே எடுத்துவிடலாம். ஆனால் டிசைன் இருப்பதும் அந்த மெல்லிய மேல்தாளில் மட்டும்தான். அதைச் சுரண்டிவிட்டால் திரும்ப வராது. ஸ்டீல் நார், தேய்க்கும் பவுடர், டாய்லெட் ஆசிட் இவை எதுவும் இந்தக் கதவுப் பக்கம் வரவே கூடாது.

சரி, துடைக்கலாம். ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு. மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, இனி ஒரு சொட்டுகூட விழாது என்கிற வரை பிழியுங்கள். அந்தப் பிசுக்கு இடத்தில் துணியை ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். ஊறட்டும். அப்புறம் துடைத்தால் கை வலிக்கத் தேய்க்க வேண்டிய அவசியமே இருக்காது. இதோ துணியைப் பாருங்கள், பழுப்பாக வருகிறது. எல்லாம் கையிலிருந்து வந்த எண்ணெய்தான்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இன்னொரு முறை, பிறகு காய்ந்த துணியால் ஒரு முறை. சோப்பு மிச்சம் இருந்தால் கோடு கோடாகத் தெரியும், புதுத் தூசியும் அதில்தான் போய் ஒட்டும். ஸ்ப்ரே வைத்திருப்பவர்கள் துணியில் அடியுங்கள், கதவில் நேராக அடிக்க வேண்டாம். ஏன் என்று கீழ் ஓரத்தைக் காட்டும்போது புரியும்.

மேட் ஃபினிஷ் கதவு என்றால் ஒரே இடத்தில் அழுத்தித் தேய்க்காதீர்கள். அந்த இடம் மட்டும் பளபளத்துப் போகும், பிறகு அது மேட் ஆகாது. அழிக்க முடியாத கறைக்கெல்லாம் வெள்ளை ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து வருகிறார்கள், பார்த்திருப்பீர்கள். அது மென்மையாக இருந்தாலும் மெலமின் நுரையால் ஆனது, மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். மேட்டில் பளபளப்பும் கிளாஸியில் மங்கலும் விழும். என்னைக் கேட்டால் அது லேமினேட்டுக்குத் தேவையே இல்லை. மர ரேகை போல மேடுபள்ளம் உள்ள ஷீட்டுக்கு மென்மையான டூத்பிரஷ் எடுத்து, ரேகை ஓடும் திசையில் மட்டும் தேய்த்தால் போதும்.

பால்பாயிண்ட் பேனாக் கிறுக்கலுக்கு ஐசோபுரோபில் ஆல்கஹால் பஞ்சில் தொட்டு, கறையின் மேல் மட்டும். முதலில் கதவின் உள்பக்கம் ஒரு மூலையில் போட்டுப் பார்த்துவிடுங்கள். உங்கள் கதவு அக்ரிலிக் ஷீட்டாக இருந்தால் இது கூடாது, ஆல்கஹால் அதில் நுண் விரிசல் விழ வைக்கலாம். ஸ்டிக்கருக்கு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி உரித்து, மிச்சப் பசையில் கொஞ்சம் எண்ணெய் தடவி, சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். ஃபர்னிச்சர் பாலிஷும் மெழுகும் இதற்கு வேண்டாம். உறிஞ்ச மரம் மேலே இல்லை, அதனால் அது படலமாக நின்று அழுக்கைத்தான் பிடிக்கும்.

இப்போது கீழே வாருங்கள். மேல்பரப்பைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, இந்த ஓரங்களைப் பற்றித்தான் கவலை. லேமினேட் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் உள்ளே இருக்கும் பலகை தடுக்காது. பார்ட்டிகிள் போர்டு என்றால் மரத்தூளும் பசையும்தான். தண்ணீர் குடித்தால் உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. கதவில் நேராக அடித்த ஸ்ப்ரே வழிந்து வந்து நிற்பதும் இந்தக் கீழ் ஓரத்தில்தான். வெட்டிய பக்கத்தை மூடிக் காப்பது இந்த ஒட்டுப்பட்டைதான், எட்ஜ் பேண்ட். கதவின் அடிப்பக்கத்தில் விரலை வைத்து ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பட்டை இருக்கிறது. சொரசொரவென்று இருந்தால் அந்தப் பக்கம் மூடாமல் விட்டிருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால். போன் கேமராவைக் கீழே நீட்டி ஒரு படம் எடுத்தால் தெளிவாகவே தெரிந்துவிடும். நன்றாகக் காய்ந்த நாளில் அங்கே வார்னிஷ் இரண்டு கோட்டிங் அடித்துவிடுங்கள். தரை துடைக்கும் மாப்பின் ஈரம் தினமும் முட்டுவது அலமாரியின் அடிப்பகுதியில்தான், அங்கேயும் ஒரு முறை காய்ந்த துணி போடுங்கள்.

பட்டை லேசாகப் பிரிந்திருந்தால் அன்றைக்கே கவனியுங்கள். உள்ளே தூசி புகுந்துவிட்டால் பசை பிடிக்காது. பல எட்ஜ் பேண்டுகள் சூட்டில் உருகும் பசையில் ஒட்டியவை. இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, நடுவே துணி கொடுத்துச் சில நொடி காட்டி, மரக்கட்டையால் அழுத்திப் பிடித்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். பசை சூட்டில் உருகும் என்பதால்தான், ஸ்டிக்கர் உரிக்கும்போது ஹேர் டிரையரை இந்த ஓரத்தில் அதிக நேரம் காட்டாதீர்கள். ஒட்டவில்லை என்றால் கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகு சேர்த்து அழுத்துங்கள்.

கதவு ஏற்கெனவே உப்பி, லேமினேட் மேடாகத் தூக்கிக்கொண்டிருந்தால் வீட்டில் சரிசெய்ய வழி இல்லை. ஆனால் முழு அலமாரியையும் மாற்ற வேண்டியதில்லை. தச்சரிடம் அந்த ஒரு கதவை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள், பழைய கீல்களையே பெரும்பாலும் திரும்பப் பொருத்திவிடலாம். நான் சொல்லாத கறை ஏதாவது இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். கதவு மேட்டா, கிளாஸியா, அக்ரிலிக்கா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அது தெரியாமல் எதைப் போடலாம் என்று என்னால் சொல்ல முடியாது.