அப்பாயியின் ரொட்டி

நடுவர் அவர்களே, அட்டன் நகரப் பெரியோர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மாரே, வணக்கம்.

மலையகப் பட்டதாரிக்கு ஏற்றது உடனடி உத்தியோகமா, ஆய்வுப் பட்டமா என்பது தலைப்பு. நான் ஆய்வுப் பட்டத்தின் பக்கம். "அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைக்க, மகள் நாலு வருடம் எலிக்கு ஊசி போடுவதா?" என்று எதிரணி நண்பர் கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். நோய் எப்படி உண்டாகிறது என்று ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்க்கும் பரிசோதனை நோயியலில் முதுதத்துவமாணி (எம்.பில்.) பட்டத்துக்கு ஆய்வு செய்பவள் என்பதால், அந்தக் கேள்விக்கு என் அப்பாயியின், அப்பாவைப் பெற்றவரின், ரொட்டியை வைத்தே பதில் சொல்கிறேன்.

காலையில் தோட்டத்தில் பேர் பதியும் பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் அப்பாயி கோதுமை ரொட்டியை இரண்டாக மடித்து, நடுவில் சம்பலை வைத்து, நாலே கடியில் தின்று முடிப்பார். மலையில் குளிருக்கும் பசிக்கும் அவருக்கு வெற்றிலை பாக்குத்தான் துணை. முதலில் அவரை விட்டுப் போனது சம்பல். காரம் பட்டால் வாய் நெருப்பாக எரிந்தது. பிறகு ரொட்டியை மடிப்பதை விட்டார், கிழித்துத் தின்றார். அடுத்த வருடம் அந்தத் துண்டு நகத்தளவு ஆனது. அதற்கடுத்த வருடம் அதையும் தேத்தண்ணியில் ஊறவைத்து, பற்களின் இடுக்கால் உறிஞ்சினார். மடித்த ரொட்டி, கிழித்த ரொட்டி, ஊறிய ரொட்டி: மூன்றையும் அதே அடுப்படியில் நான் பார்த்தேன். வயது போனால் அப்படித்தான் என்றார்கள், நாங்களும் நம்பினோம்.

அது வயது அல்ல, நடுவர் அவர்களே. வாயின் உட்தோலுக்கு அடியில் நார் படிந்து இறுகி, வாயைத் திறக்கவிடாத நோய் அது. கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் கண்டு 1952இலேயே எழுதப்பட்ட நோய். சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறுவது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற பொருள், உடலில் நார் செய்யும் கலங்களை (செல்களை) அளவுக்கு மீறி நார் செய்யத் தூண்டுகிறது என்பதை, ஆய்வுகூடத்தில் கலங்களை வளர்த்துப் பார்த்தவர்கள்தான் காட்டினார்கள். புகையிலை சேர்க்காவிட்டால் ஒன்றும் செய்யாது என்று நம் லயங்களில் இன்றும் சொல்கிறோமே, பாக்கு தனியாகவே புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது.

இப்போது எலிக்கு, அதாவது விலங்குகளில் செய்யும் சோதனைக்கு வருகிறேன். புகைபோக்கி துப்புரவு செய்த சிறுவர்களுக்குப் பின்னாளில் வந்த புற்றுக்குப் புகைக்கரியே காரணம் என்று 1775இல் லண்டனில் அறுவை மருத்துவர் பெர்சிவல் பொட் எழுதினார். அதை ஓர் உயிரின் உடலில் செய்து காட்ட 140 ஆண்டுகள் ஆயின. 1915இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்காக, அலுக்காமல் பூசிப் புற்றுநோயை வரவழைத்தார்கள். அந்த இருவரையும் யாராவது பாதியில் அழைத்து, வேலைக்குப் போங்கள் என்று சொல்லியிருந்தால்?

உதவித்தொகை சிறியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மெழுகில் பதித்து, ஐந்து மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவிய இழையத்தை முதல்முறை நுணுக்குக்காட்டியில் வைத்த அன்று, நார்கள் இளஞ்சிவப்பாக, இடைவெளியே இல்லாமல் நெருங்கிக் கிடந்தன. இழையம் ஒட்டிய அந்தக் கண்ணாடித் தகட்டில் நோயாளியின் பெயர் இல்லை, இலக்கம் மட்டுமே இருந்தது. எனக்கு அது அப்பாயியின் வாய். அவர் போய் ஆறு வருடமாகியிருந்தது. நான் அழுதேன், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கண்ணாடித் தகட்டை வைத்தேன்.

முன்வரிசையில் ஓர் அம்மா இப்போது வெற்றிலைச் சுருக்குப் பையை முந்தானைக்குள் மறைக்கிறார். மறைக்க வேண்டாம், அம்மா. கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வாருங்கள். உங்கள் மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால், நாளைக் காலை வைத்தியசாலைக்கு நானே உங்களோடு வருகிறேன்.