கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதுமா?

(உலக எழுத்தறிவு நாளையொட்டி நடந்த நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், மாலை வகுப்புகளை ஏற்று நடத்த முன்வந்திருக்கும் தன்னார்வலர்களுக்கும், நூலக நண்பர்களுக்கும் என் வணக்கம்.

செப்டம்பர் 8ஆம் நாளை உலக எழுத்தறிவு நாளாக யுனெஸ்கோ 1966இல் அறிவித்தது. இந்நாளில் பேச வருகிறவர்கள் எழுத்தறிவு பெற்றோர் எத்தனை விழுக்காடு என்ற கணக்கோடு தொடங்குவது வழக்கம். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அந்தக் கணக்கின் கண்ணில் படாமல் போகிறவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் 80 விழுக்காட்டினர். ஆண்களில் ஏறத்தாழ 87, பெண்களில் 73. கன்னியாகுமரி மாவட்டம் 92ஐ நெருங்கியிருந்தபோது தருமபுரி 68.5இல் நின்றது. 1951இல் ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுத்து தெரிந்திருந்தது என்பதை நினைத்தால் இது பெரிய மாற்றம். ஊர்தோறும் பள்ளி திறந்தவர்களுக்கும், மதிய உணவு போட்டவர்களுக்கும், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவந்த ஆசிரியர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எனினும் இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர், ஏதாவது ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் வல்லவராக இருந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர் என்பது கணக்கெடுப்பின் இலக்கணம். கணக்கெடுக்க வருகிறவர் வாசலில் நின்று கேட்கிறார். வீட்டில் உள்ளவர் சொல்லும் பதிலை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். ஒரு தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. 'மூணாவது வரைக்கும் போனேன்' என்று சொல்லும் ஒரு பெண், முப்பது ஆண்டுகளாக எந்தத் தாளையும் படித்ததில்லை என்றாலும், படித்தவர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். கணக்கெடுப்பவர் மீது குற்றமில்லை. அத்தனை கோடிப் பேரையும் சோதித்துப் பார்க்க இயலாது. அந்த எண்ணையே முழு உண்மையாகக் கொண்டு, வேலை முடிந்துவிட்டது என்று நாம் இருந்துவிடுவதுதான் தவறு.

எழுத்தே அறியாதவர் ஒருபுறம், சரளமாகப் படிப்பவர் மறுபுறம். இவ்விருவருக்கும் நடுவில் பெருங்கூட்டமாக மக்கள் இருக்கிறார்கள். தம் பெயரை எழுதுவார்கள். பேருந்தின் பெயர்ப்பலகையில் தங்கள் ஊரை அடையாளம் காண்பார்கள். கடைப்பலகையை எழுத்துக்கூட்டிச் சொல்வார்கள். ஆனால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்த அரைப்பக்கக் கடிதத்தில் தம்மை என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. மாத்திரை அட்டையில் உள்ள காலாவதித் தேதியைத் தேடிப் பார்க்க மாட்டார்கள். குழுக்கடன் பத்திரத்தில் வட்டி, தவணை, அபராதம் எல்லாம் அச்சாகியிருக்கும்; 'இங்கே, இங்கே, இங்கே' என்று காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்ததை நாம் வெற்றியாகக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆயினும் படிக்காமல் போடும் கையெழுத்து, கைநாட்டை விட அதிகமாக ஒருவரைச் சிக்கவைக்கும். கைநாட்டு வைத்தவருக்கு யாராவது படித்துக்காட்ட வேண்டும் என்ற எண்ணமாவது எதிரிலிருப்பவருக்கு வரும். கையெழுத்துப் போட்டவர் படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்று உலகம் எடுத்துக்கொள்ளும்.

இவர்களைக் கண்டுகொள்வது எளிதல்ல, ஏனென்றால் மறைக்கப் பழகியவர்கள். வங்கியில் பணம் எடுக்கும் சலானைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் இளைஞனிடம், 'தம்பி, கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன், கொஞ்சம் எழுதிக் குடுப்பா' என்று கேட்கும் பெரியம்மாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சலானை நிரப்பத் தெரியாதது அவருக்குச் சிரமம். தெரியாது என்று வாய்விட்டுச் சொல்வது அதைவிடச் சிரமம். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு வராத தந்தையர் பலரும் அக்கறையில்லாதவர்கள் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அங்கே ஒரு படிவத்தை நீட்டிவிடுவார்களோ என்ற அச்சம்தான் சிலரைத் தடுக்கிறது.

இந்த நிலை எப்படி உண்டாகிறது? இன்று ஐம்பதைக் கடந்திருக்கும் பெண்களில் பலர், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள, ஆடு மேய்க்க, தீப்பெட்டி ஒட்ட என்று இரண்டாம் மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள். அதற்குப் பின் அவர்கள் வாழ்ந்த வீடுகளில் படிப்பதற்கென்று ஒரு தாளும் இல்லை. அரைகுறையாகக் கற்றது பயன்படாமலே கரைந்துபோனது. அப்படியானால் இது பழைய தலைமுறையோடு தீர்ந்துவிடும் என்று எண்ணலாகாது. 2023இல் நாட்டின் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் நடத்தப்பட்ட 'அசர்' என்னும் கல்வி நிலை ஆய்வில், நான்கில் ஒருவரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தம் வட்டார மொழியில் தடையின்றிப் படிக்க முடியவில்லை என்று தெரிந்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளியிலோ கல்லூரியிலோ பெயர் பதிந்திருப்பவர்கள். நாளைய முதியோர் வகுப்புக்கு உரியவர்கள் இன்றைய வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எழுத்துக்கூட்டத் தெரிந்தவருக்கு ஏன் பொருள் விளங்குவதில்லை என்பதைக் கற்பிப்பவர்கள் நன்கு புரிந்துகொள்ள வேண்டும். 'விண்ணப்பதாரர் உரிய ஆவணங்களுடன் நேரில் வர வேண்டும்' என்ற வரியை ஒருவர் ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிப் படித்து 'நேரில்' என்ற சொல்லை எட்டும்போது, வரியின் தொடக்கம் அவர் நினைவை விட்டு நழுவியிருக்கும். கேட்டதை மனத்தில் இருத்திக்கொள்ளும் இடம் மனிதருக்குச் சிறியது. அந்த இடம் முழுவதையும் எழுத்தை அடையாளம் காணும் வேலையே எடுத்துக்கொண்டால், பொருளுக்கு இடம் எங்கே? ஆகவே எழுத்துகளைக் கற்பித்ததோடு நிறுத்தினால் பாதி வேலைகூட முடிந்ததாகாது. கண் பட்டவுடன் சொல் விளங்கும் அளவுக்கு வேகம் வர வேண்டும். அதே வரிகளைத் திரும்பத் திரும்ப, உரக்க, நாள்தோறும் படிப்பதைத் தவிர அந்த வேகத்துக்குக் குறுக்கு வழி இல்லை.

வயதானவர்களுக்கு இது வருமா என்று கேட்பவர்கள் உண்டு. லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில், எழுத்தறியாத முப்பது வயதையொட்டியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்தைக் கற்பித்து, முன்னும் பின்னும் மூளையைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. மூளையின் மேற்புறணி மட்டுமன்றி ஆழத்திலுள்ள பகுதிகளும் மாறியிருந்ததாக அது சொல்கிறது. கேரளத்தில் கார்த்தியாயனி அம்மா 2018இல் தம் 96ஆம் வயதில் அம்மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வை எழுதி, நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். எல்லாரும் அவரைப் போல வேகமாகக் கற்பார்கள் என்று சொல்ல வரவில்லை. வயதைக் காட்டி யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

இனி வகுப்புக்குள் வருவோம். அகர வரிசையில் தொடங்கி 247 எழுத்துகளையும் ஒப்பிக்கச் செய்யும் முறை, நாள் முழுவதும் களையெடுத்துவிட்டு இரவு ஏழரை மணிக்கு வந்து உட்காரும் ஒருவருக்குப் பொருந்தாது. ப, ட, ம என்ற மூன்று எழுத்துகளையும், புள்ளியையும், துணைக்காலையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். படம், பாடம், பட்டம், மட்டம், மாடம், பட்டா என்று முதல் நாளிலேயே ஆறு சொற்களைப் படிக்க வைத்துவிடலாம். 'பட்டா' என்ற சொல்லைப் பலகையில் எழுதியவுடன் பேச்சு தானே கிளம்பும்: யார் பெயரில் பட்டா இருக்கிறது, மாமனார் இறந்த பின் மாற்றினார்களா, பெண் பெயரில் ஏன் இல்லை என்று. பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே 1960களின் தொடக்கத்தில் உழைக்கும் மக்களிடம் இவ்வாறுதான், அவர்கள் வாழ்வில் கனமுள்ள சொற்களிலிருந்து எழுத்துக்குப் போனார். அந்தப் பேச்சுக்கு நேரம் கொடுங்கள். பாடம் தாமதமாகிறதே என்று அஞ்சாதீர்கள்.

நம் எழுத்தில் பெரியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. 'கெ' என்பதில் கண் முதலில் காண்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியதோ ககர ஒலியை. 'கொ' என்பதில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. உகர வரிசையில் கு, சு, டு, து, பு என ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக வளைகிறது. ஒரு விதியைச் சொல்லி அதைக் கடந்துவிட முடியாது. இந்த இரண்டு இடங்களிலும்தான் பலர், 'எனக்கு இதெல்லாம் ஏறாது' என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்துகிறார்கள். அங்கே ஒரு வாரம் கூடுதலாகத் தங்குங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் சில ஆண்டுகள் பள்ளிக்குப் போனவர்களுக்கு லை, ணை, னை ஆகியவற்றின் பழைய வடிவமே நினைவில் இருக்கலாம். அவர்கள் எழுதுவதைப் பிழையென்று அடிக்க வேண்டாம்.

மிகச் சாதாரணமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அருகிலிருப்பதைப் பார்க்கும் திறன் குறைவது இயல்பு. மங்கிய விளக்கொளியில், பொடி எழுத்தில் அச்சான பாடநூலைக் கொடுத்துவிட்டு, 'இந்த அம்மாவுக்கு மண்டையில் ஏறவில்லை' என்று சொல்வது அநியாயம். வகுப்பு தொடங்கும் வாரத்திலேயே ஒரு கண் பரிசோதனை முகாமுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒரு மூக்குக்கண்ணாடி செய்யும் வேலையை மூன்று மாதப் பாடம் செய்யாது.

நம்மிடம் பெருமைப்படத்தக்க முன்னோடி உண்டு. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதே அலையில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் எழுந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும், ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சேர்ந்து நடத்திய வேலையில் எழுத்தோடு சைக்கிளும் வந்தது. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்று, கேலி செய்தவர்களின் முன்னாலேயே ஓட்டிச் சென்றார்கள். கல் குவாரிகளில் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். குத்தகைப் பத்திரமும் கணக்கு நோட்டும் கையில் வந்தபோது, எதற்காகப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாமல் போயிற்று.

அந்த அலை தணிந்த பின் நடந்ததையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அறிவிப்பு வந்தது, விழா நடந்தது, தொண்டர்கள் கலைந்தார்கள். கற்றவர்கள் தொடர்ந்து படிப்பதற்கான வளர்கல்வி மையங்கள் பெயரளவில் தொடர்ந்த ஊர்களில், கற்றவர்கள் பலர் மீண்டும் கையெழுத்து மட்டும் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். கேரளம் 1991 ஏப்ரலில் முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்ட பிறகும் நான்காம், ஏழாம், பத்தாம் வகுப்புகளுக்கு இணையான பாடத்திட்டங்களைத் தொடர்ந்து நடத்தியது. ஊருக்கு ஊர் வாசகசாலையும் அங்கிருந்தது. இன்று நம் முன்னுள்ள புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரைக்கானது. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சில மாத வகுப்பும், முடிவில் படித்தல், எழுதுதல், எண்ணறிவு என மூன்று பகுதிகளில் ஒரு தேர்வும் உண்டு. தேர்வுத்தாளைப் பெருமையோடு எழுதியவர்கள் அதற்கு அடுத்த திங்கட்கிழமை எதைப் படிப்பார்கள் என்பதற்கு அத்திட்டத்தில் நிறைவான விடை இல்லை. அந்த விடையை நாம்தான் ஏற்படுத்த வேண்டும்.

கைப்பேசி வந்த பிறகு எழுத்து எதற்கு என்று இளைஞர்களே கேட்கிறார்கள். குரல் பதிவில் பேசிக்கொள்ளலாம், படத்தைப் பார்த்து ஆளை அழைக்கலாம் என்பது உண்மைதான். மக்கள் அதை மிகத் திறமையாகச் செய்கிறார்கள். ஆனால் பணம் கழிந்ததும், தவணை தவறியதும், கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே என்ற எச்சரிக்கையும் எழுத்தாகத்தான் வருகின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. அவற்றைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டிப் படிக்கச் சொல்லும் ஒருவர், தம் பணத்தின் கணக்கையும் அவனிடம் திறந்து காட்டிவிடுகிறார். வகுப்பில் அந்தக் குறுஞ்செய்திகளையே பாடமாக வையுங்கள். வங்கியிடமிருந்து எந்தப் பெயரில் செய்தி வரும், தொகையோடு வரும் சொல் வரவைக் குறிக்கிறதா பற்றைக் குறிக்கிறதா என்பதைக் கைப்பேசியைக் கையில் வைத்தே கற்பிக்கலாம்.

படிப்பவரின் குறையை மட்டுமே பேசுவதும் நியாயமல்ல. 'மேற்படி இனத்தில் உரிய முகாந்திரம் ஏதுமிருப்பின்' என்று எழுதப்பட்ட அறிவிப்பு, பட்டம் பெற்றவருக்கே விளங்குவதில்லை. இங்கே அலுவலர்கள் சிலரும் வந்திருக்கிறீர்கள். ஓர் அறிவிப்பை ஒட்டுவதற்கு முன், ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்த ஒருவரிடம் கொடுத்து, 'இதில் உங்களை என்ன செய்யச் சொல்கிறார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். எந்த நாள், எந்த இடம், எதைக் கொண்டுவர வேண்டும் என்ற மூன்றும் முதல் மூன்று வரிகளில், பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

நூலகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்திய விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் பிறந்தது 1948இல் இங்குதான். நம் ஊர்ப்புற நூலகங்களில் குழந்தைகளுக்கு அடுக்கு உண்டு, போட்டித் தேர்வுக்கு அடுக்கு உண்டு. புதிதாகப் படிக்கத் தொடங்கிய ஐம்பது வயதுக்காரருக்கு ஒன்றுமில்லை. நரியும் காக்கையும் வரும் சிறுவர் நூலை எடுக்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். பெரிய எழுத்தில், பதினாறு பக்கங்களில், ஆட்டு நோய், முதியோர் ஓய்வூதியம், ஊரக வேலை உறுதிச் சட்டம், நாட்டுப்புறக் கதை, கோயில் தலபுராணம் என்று அவர் விரும்புவதை அடுக்கி ஒரு தட்டு ஒதுக்குங்கள். வாசகர் வட்டத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இத்தகைய நூல்களை அவர்களே எழுதலாம். மாலை ஏழு மணிக்கு மேல் வாரம் இருமுறையாவது நூலகம் திறந்திருந்தால்தான் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வர முடியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தன்னார்வலர்களே, உங்களிடம் வருகிறவர்களை அக்கா, அண்ணன், ஐயா, பெரியம்மா என்று அழையுங்கள். வகுப்பில் ஒருவரை எழுப்பிநிறுத்திப் படிக்கச் சொல்லாதீர்கள். தேர்வு முடிந்த பிறகும் ஓராண்டுக்கு வாரம் ஒரு மாலை அவர்களோடு உட்காருவதாக இருந்தால் மட்டும் வகுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படி ஏற்பவர்களின் பெயர்களைக் கூட்டம் முடிந்ததும் நூலகரிடம் பதிவு செய்யலாம். எந்தத் தெருவில், எந்தக் கிழமை என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.