ஒரு மில்லிமீட்டர் இடைவெளி

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். வேட்டிக்கும் சேலைக்கும் கஞ்சி போட்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். துணியை முக்கிப் பிழிந்துவிட்டுச் சட்டியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டால், மிச்சக் கஞ்சி ஆறி உறைந்து, விரலால் தொட்டால் தளதளவென்று ஆடும். அந்தக் கஞ்சிச் சட்டியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரையில் ஒரு சிறிய பட்டறை வைத்து, கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு அக்ரிலிக் கருவிகள் செய்து தருகிறேன். அவற்றில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது ஜெல் எலக்ட்ரோபோரெசிஸ் தொட்டி. பெயரைக் கேட்டு வானொலியை அணைத்துவிடாதீர்கள். டி.என்.ஏ. என்பது நூல் போன்ற பொருள். அதற்கு எதிர்மின்னூட்டம் உண்டு. மின்சாரம் பாய்ச்சினால் நேர்முனையை நோக்கி நகரும். வழியில் ஒரு ஜெல்லை, அதாவது உறைந்த கஞ்சி போன்ற பாளத்தை, வைத்துவிட்டால் அதன் கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் நுழைந்துதான் போகவேண்டும். முள்வேலிக்குள் விட்டு இழுத்தால் துண்டு நூல் சட்டென்று வந்துவிடும், நீள நூல் சிக்கிச் சிக்கித்தான் வரும் அல்லவா? அதேதான். குட்டையானவை முன்னால் ஓடுகின்றன, நெட்டையானவை பின்தங்குகின்றன. குற்ற வழக்குகளின் தடயச் சோதனையிலும் நோயறியும் சோதனையிலும் டி.என்.ஏ.வை அளவுவாரியாகப் பிரிக்க உதவுவது இந்த ஓட்டப்பந்தயம்தான்.

இப்போது கஞ்சிச் சட்டிக்கு வருவோம். 1950களில் கனடாவின் டொராண்டோ நகரில் ஆலிவர் ஸ்மித்திஸ் என்ற இளம் விஞ்ஞானி இன்சுலின் என்ற புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அன்றைய வழக்கப்படி மின்சாரம் பாய்ச்சிக் காகிதத்தின்மேல் ஓடவிட்டார். இன்சுலினோ காகிதத்தில் ஒட்டிக்கொண்டு, இழுவிக்கொண்டே போனது. அதே ஊரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் ஈர மாவுத் துகள்களுக்குள் புரதத்தை ஓடவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். மாவில் புரதம் ஒட்டவில்லை. ஆனால் ஓடி முடிந்ததும் மாவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சோதிக்கவேண்டும். அவருக்கு உதவியாளர் கிடையாது. ஒற்றை ஆளாக அவ்வளவையும் எப்படிச் செய்வது?

அப்போதுதான் அவருக்கு அம்மாவின் துணி துவைக்கும் நாள் நினைவுக்கு வந்தது. அப்பாவின் சட்டைக்கு அம்மா கஞ்சி போடுவார். சிறுவன் ஆலிவர் கூடமாட உதவுவான். மிச்சக் கஞ்சி ஆறியதும் உறைந்துபோனதைப் பார்த்திருக்கிறான். மாவைத் துகளாக வைப்பானேன், காய்ச்சி உறையவைத்தால் என்ன? ஒரே பாளமாக நிற்குமே, வெட்டவேண்டாம், சாயத்தில் ஊறவைத்தால் புரதம் நின்ற இடங்கள் பட்டைகளாகத் தாமே தெரியுமே! காய்ச்சினார், ஊற்றினார், ஓடவிட்டார். காகிதத்தில் ஒன்றாகக் கிடந்த இரத்தப் புரதங்கள் கஞ்சியில் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நின்றன. 1955இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். வேறொரு பணிக்காக 2007இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் என்னைப் போன்ற பட்டறைக்காரனுக்கு அவர் என்றைக்கும் கஞ்சி காய்ச்சிய ஆலிவர்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்தில், கழித்துக்கட்டவேண்டிய பழைய சாமான்களின்மேல் 'எதற்கும் உதவாது, ஆனால் ஆலிவருக்குப் போதும்' என்று எழுதி வைப்பார்களாம். அவர் அவற்றை எடுத்துக் கருவியாக்கிவிடுவார்.

இன்று கஞ்சியின் இடத்தில் அகரோஸ் இருக்கிறது. அதுவும் நமக்குத் தெரிந்த பொருள்தான். மண்டபம், இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுத்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப் பாசியிலும் அகர் என்ற உறையும் பொருள் இருக்கிறது. அகரிலிருந்து பிரித்தெடுப்பது அகரோஸ். பாசியின் பெயரிலேயே கஞ்சி இருப்பதைக் கவனியுங்கள். கடற்பாசி காய்ச்சி நோன்பு திறந்தவர்களுக்கு அது உறையும் விதத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

சரி, தொட்டியில் என்ன இருக்கிறது? ஒரு தட்டு, மின்முனைகளாக இரண்டு கம்பிகள், ஒரு சீப்பு, ஒரு மூடி, தொட்டி நிறைய உப்புக்கரைசல். சீப்பு என்றால் தலைவாரும் சீப்பு மாதிரியேதான். சூடான அகரோஸை ஊற்றும்போது அதைத் தட்டில் நிறுத்திவைப்போம். உறைந்தபின் உருவினால் பல் இருந்த இடமெல்லாம் குழியாகும். அந்தக் குழிகளில்தான் சாம்பிளை விடுவார்கள். பார்த்தால் தொட்டியிலேயே எளிய உறுப்பு அதுதான். எனக்குப் பாடம் கற்பித்ததும் அதுதான்.

நான் முதன்முதலில் செய்த தொட்டியை ஒரு கல்லூரிக்குக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி மூன்று நாள் பாடுபட்டுப் பிரித்த டி.என்.ஏ.வை நீலச் சாயம் கலந்து குழியில் விட்டாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். குழியில் நிற்கவேண்டிய நீலம், தரையில் கொட்டிய மை போல ஜெல்லுக்கு அடியில் பரவியது. "அண்ணா, குழிக்கு அடியே இல்லையே" என்றாள். நான் வெட்டிய சீப்பின் பற்கள் தட்டைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கின்றன. பல்லுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், உங்கள் ஏ.டி.எம். அட்டையின் தடிமனைவிடச் சற்றே கூடுதல். அந்த இடைவெளியில் உறையும் மெல்லிய ஜெல்தான் குழியின் தரை. அவள் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்று முதல் ஒவ்வொரு சீப்பையும் என் கையால் அளந்து பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

இடைவெளியோடு முடியவில்லை. வாளால் அறுத்த பல்லில் வரிவரியாகத் தழும்பு இருக்கும். உருவும்போது குழியின் சுவரைக் கிழித்துவிடும். நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கவேண்டும். குழியின் முன்சுவர் கோணினால் பட்டையும் கோணலாகத்தான் ஓடும். ஐந்து மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், நான்கு மில்லிமீட்டர் ஆழம் என்றால் ஒரு குழிக்கு முப்பது மைக்ரோலிட்டர் கொள்ளும். பல்லுக்குப் பல் ஒன்பது மில்லிமீட்டர் வைத்தால், சொட்டு அளந்து விடும் எட்டு முனைப் பிப்பெட்டால் ஒரே வீச்சில் எட்டுக் குழிகளை நிரப்பலாம். தட்டு சமமாக நிற்கிறதா என்பதற்குக் கொத்தனாரின் ரசமட்டமே போதும்.

கம்பியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நேரம் நெருங்கிவிட்டது. எதிர்முனையில் எவர்சில்வர் கம்பி தாக்குப்பிடிக்கும். நேர்முனையில் அரித்துப்போகும், கரைசல் பழுப்பாகும். அங்கே பிளாட்டினம்தான் வேண்டும், கால் மில்லிமீட்டர் கம்பி போதும். விலை அதிகம்தான். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பட்டைகளைப் பார்க்கும் விளக்குப் பெட்டியைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், இயலவில்லை. மூடியை மட்டும் சொல்லிவிடுகிறேன். முனைகளுக்கு நடுவே இருபது சென்டிமீட்டர் இருந்தால் நூறு வோல்ட் கொடுப்போம். உப்புக்கரைசலில் விரல் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மின்சாரம் கொண்டுவரும் வயர்கள் இரண்டையும் மூடியோடு சேர்த்தே பொருத்தவேண்டும். மூடியைத் தூக்கினாலே இணைப்பு அறுந்துவிடும். உங்கள் பிள்ளைகள் படிக்கும் ஆய்வுக்கூடத்தில் மூடி உடைந்த தொட்டி ஏதும் இருந்தால், புது மூடி வரும்வரை அதை ஓட்டவேண்டாம் என்று சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.