பால்மரத்தடியில் கேரவன்: ஃபிரிட்ஜும் ஓடணும், காடியும் ஸ்டார்ட் ஆகணும்

வணக்கம் எல்லாருக்கும். பின்னால் தெரிவது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அம்மா பிறந்து வளர்ந்த இடம். லயத்து வீடுகள் பலவும் இப்போது காலி. பெரியம்மா மட்டும் இன்னும் இங்கே இருக்கிறார். அவர் வீட்டு எதிரே பால்மரத்தடியில் நம் கேரவன் நிற்கிறது.

போன தீபாவளிக்கு முதல் நாளும் இதே இடத்தில்தான் நிறுத்தினேன். கேரவனை இழுக்கும் காடியிலிருந்து அதற்கு வரும் வயரைக் கழற்றவில்லை, கேரவன் ஃபிரிட்ஜும் காடி பேட்டரியின் 12 வோல்ட்டிலேயே இருந்தது. விடிந்ததும் சாவியைத் திருகினால் டிக் டிக் என்று சத்தம், அவ்வளவுதான். ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே 19 டிகிரி. அதில் அம்மாவின் இன்சுலின். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. மருந்தாளரைக் கேட்காமல் அம்மாவுக்கு ஊசி போட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி தன் பிக்கப்பைக் கொண்டுவந்து ஜம்ப் கொடுத்தார், ஈப்போவுக்கு ஓடினேன். அந்தக் காலையை இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இந்தக் காணொளி.

என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அது கேஸ், வீட்டுக் கரண்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் ஃபிரிட்ஜ். கம்ப்ரஸர் கிடையாது, சூடேற்றித்தான் குளிர் உண்டாக்கும். 120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். அதுவும் என்னுடைய மாடல் 12 வோல்ட்டில் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். காடி பேட்டரி 60 ஆம்பியர்-மணி, அதாவது 10 ஆம்பியர் இழுத்தால் 6 மணி நேரத்துக்கு வரும் அளவு. 3 மணி நேரத்தில் பாதி காலி! ஸ்டார்ட் பண்ணும் பேட்டரி சில நொடி வேகமாகக் கொடுப்பதற்குச் செய்தது. அடிக்கடி ஆழமாக இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். அந்த வகை ஃபிரிட்ஜுக்கு 12 வோல்ட் என்பது ஓடும்போது குளிரைத் தக்கவைக்க மட்டும்தான். கிளம்புவதற்கு முதல் நாளே வீட்டுக் கரண்டில் குளிர வைத்துவிட வேண்டும். நிறுத்தியதும் கரண்டுக்கோ கேஸுக்கோ மாற்றிவிட வேண்டும். வண்டி சமமாக நிற்பதும் முக்கியம், சாய்ந்தால் சரியாகக் குளிராது. தோட்டத்து மண் எங்கே சமமாக இருக்கிறது? நான் சக்கரத்துக்குக் கீழே பலகை வைப்பேன். கேஸில் ஓடும்போது வெளிக்காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். எண்ணெய் நிலையத்துக்குள் நுழையும் முன் கேஸை மூடிவிடுங்கள்.

சரி, அப்புறம் நான் என்ன மாற்றினேன்? முதலில் கேரவனுக்குத் தனி பேட்டரி, 100 ஆம்பியர்-மணி லித்தியம். காடிக்கும் அதற்கும் நடுவே டிசி-டிசி சார்ஜர், 20 ஆம்பியர்; காடியிலிருந்து வரும் கரண்டை அந்த பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி அது. என்ஜின் ஓடினால் மட்டும் சார்ஜ் ஏறும், நின்றால் தொடர்பு அறுந்துவிடும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் எவ்வளவு இழுத்தாலும் காடி பேட்டரியில் ஒரு சொட்டும் குறையாது. இப்போது வரும் சில காடிகளில், என்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரே எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். அவற்றில் இரண்டு பேட்டரியையும் இணைத்துவிடும் வெறும் ரிலே சுவிட்ச் போதாது, இந்த சார்ஜர்தான் சரி.

ஃபிரிட்ஜையும் கம்ப்ரஸர் வகைக்கு மாற்றினேன். ஓடும்போது 50 வாட், நம் வெயிலுக்குப் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 600 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய 50 ஆம்பியர்-மணி. கோலாலம்பூரிலிருந்து இங்கே வர 3 மணி நேரம் ஓட்டினால் 60 ஏறும். ஒரு நாள் செலவு வழியிலேயே கிடைத்துவிடுகிறது.

வயரைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். பலர் ஏமாறுவது இங்கேதான். காடி பேட்டரியிலிருந்து கேரவன் வரை 6 மீட்டர், போக வர 12 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியர் போனால் வழியிலேயே 0.8 வோல்ட் தொலைந்துவிடும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.13 வோல்ட்தான். பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம், அது இல்லாமல் வயர் உரசினால் தீப்பிடிக்கும்.

சோலார் போதுமே என்று கேட்பீர்கள். பால்மர நிழல் வண்டியைக் குளுகுளுவென்று வைக்கும், ஆனால் கூரைப் பேனலைச் சாகடித்துவிடும். அதனால் மடக்குப் பேனலை, அதோ, துணி காயப்போடும் வெயிலில் வைத்து, நீள வயரில் இழுத்திருக்கிறேன். வண்டி நிழலில், பேனல் வெயிலில்.

இன்னொன்று. சாதாரண ஈய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. லித்தியத்தை அப்படிப் படிக்க முடியாது, வோல்ட் கடைசி வரை பெரிதாக இறங்காது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் மீட்டர் ஒன்று வாங்குங்கள், அந்தக் காசு வீண் போகாது.

இதோ என் மீட்டர், கிட்டே காட்டுகிறேன். நேற்று மாலை 4 மணிக்கு 100 சதவீதம், இப்போது காலை 7 மணி, 74. ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி. அம்மா ஊசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், பெரியம்மா பசியாறக் கூப்பிடுகிறார். தோசை ஆறிவிடும், போகிறேன்.